பனிக்கூடாரமும் ஒரு சின்ன ஹீட்டரும்

ஏரி முழுவதும் உறைந்து கல்லாகக் கிடக்கிறது. அதன் மேல் சின்னதாக ஒரு கூடாரம். கூடாரத்தின் தரையில், அதாவது ஐஸில், ஒரு துளை. துளைக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு தூண்டில். வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர். உள்ளே ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் மீனுக்காகக் காத்திருக்கிறார்! இதற்குப் பெயர் பொழுதுபோக்கு என்றால் நம் ஊரில் நம்புவது கஷ்டம்தான். ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலம் வந்தால் ஏராளமானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மினசோட்டாவில் மில் லாக்ஸ் என்று ஒரு ஏரி இருக்கிறது. 500 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. ஜனவரியில் அதன் மேல் ஆயிரக்கணக்கான குடிசைகள் முளைத்து, நடுவே பாதைகள் போடப்பட்டு, ஒரு ஊரே உருவாகிவிடும். பனி உருகும் காலத்துக்குள் அந்த ஊர் காணாமல் போய்விடும்.

அந்தக் கூடாரத்துக்குள் ஒரு மனிதன் நாள் முழுக்க உட்கார முடிகிறது என்றால் அதற்குக் காரணம் காலடியில் எரியும் ஒரு சின்ன ஹீட்டர். அதே ஹீட்டரால்தான், உள்ளே படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன சம்பவங்களும் நடந்திருக்கின்றன. தீப்பிடித்து அல்ல. ஐஸ் உடைந்தும் அல்ல. கூடாரம் அப்படியே நிற்கும், ஹீட்டர் அணைந்திருக்கும், உள்ளே இருப்பவர்கள் தூங்குவது போலவே இருப்பார்கள்.

இது எப்படி நடக்கிறது, இதைத் தடுக்க மனிதர்கள் என்னென்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பதிவான பழைய சம்பவங்களில் ஒன்று மீன்பிடிக் கூடாரத்தில் நடந்தது அல்ல. கடலில் சிக்கிக்கொண்ட ஒரு கப்பல் கூட்டத்தின் வீட்டில் நடந்தது.

1596-ஆம் ஆண்டு. வில்லெம் பேரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமியும் அவர் கூட்டாளிகளும் ஐரோப்பாவிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுற்றிச் சீனாவுக்கு வழி கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் கடைசியில், இன்றைய ரஷ்யாவின் வடக்கே இருக்கும் நோவயா செம்லியா தீவின் ஓரத்தில் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. மொத்தம் 17 பேர். வேறு வழியில்லாமல் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்க முடிவு செய்து, கரையில் ஒதுங்கிய மரங்களையும் கப்பல் பலகைகளையும் வைத்து ஒரு வீடு கட்டினார்கள். (அந்தக் கூட்டத்தின் தச்சர் வீடு முடிவதற்குள்ளேயே இறந்துபோனார், பாவம்.) நடுவில் அடுப்பு, கூரையில் புகைபோக்கி. புகைபோக்கியின் உச்சியில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த கெரிட் டெ வேர் என்பவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார். பிறகு 1598-இல் அது புத்தகமாக வெளிவந்தது. அதில் டிசம்பர் 7-ஆம் தேதி நடந்ததைப் படித்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அன்று கடும் புயல். விறகு எடுக்க வெளியே போக முடியவில்லை. குளிர் தாங்காமல், கப்பலிலிருந்து கொண்டுவந்த நிலக்கரியைப் போட்டு எரித்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்கு யோசனை தோன்றியது. எரித்தார்கள். அடடா, என்ன ஒரு சூடு! பல வாரங்களுக்குப் பிறகு உடம்பு இதமாக இருந்தது. இந்தச் சூட்டை வெளியே விடக்கூடாது என்று கதவின் இடுக்குகளை எல்லாம் அடைத்தார்கள். புகைபோக்கியையும் அடைத்தார்கள். பிறகு அவரவர் படுக்கையில் படுத்துக்கொண்டு சந்தோஷமாக ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தலை சுற்ற ஆரம்பித்தது. முதலில் சொன்னது ஏற்கனவே நோயாளியாகப் படுத்திருந்த ஒருவர். அவரால்தான் மற்றவர்களும் தங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று உணர்ந்தார்கள். தெம்பு மிச்சம் இருந்த சிலர் தட்டுத்தடுமாறி எழுந்து புகைபோக்கியைத் திறந்தார்கள், பிறகு கதவைத் திறந்தார்கள். கதவைத் திறந்தவர் அப்படியே மயங்கி வெளியே பனியில் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிய டெ வேர், காடியை எடுத்துவந்து அவர் முகத்தில் தேய்த்து எழுப்பினார். குளிர்ந்த காற்று உள்ளே வந்ததும் எல்லோரும் மெல்ல மெல்லத் தெளிந்தார்கள். அதுவரை தங்களுக்குப் பெரிய எதிரியாக இருந்த குளிரே அன்று தங்களைக் காப்பாற்றியது என்று டெ வேர் குறிப்பிடுகிறார். கப்பல் தலைவர் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒயின் கொடுத்தாராம்.

அன்று அந்த நோயாளி வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்த வீடு ஒரு கல்லறையாகியிருக்கும். அடுத்த ஆண்டு ஜூனில் இரண்டு திறந்த படகுகளில் கிளம்பினார்கள். பேரன்ட்ஸ் வழியிலேயே இறந்தார். 12 பேர் மட்டும் 1597 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார்கள். அந்த வீட்டை 1871-இல் ஒரு நார்வே கப்பல் தலைவர் கண்டுபிடித்தபோது, விட்டுப்போன சாமான்கள் உள்ளே கிடந்தன. அவை இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவர்களுக்கு என்ன நடந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. 'கார்பன் மோனாக்சைடு' என்ற வாயுவின் தன்மை என்னவென்று வில்லியம் குரூக்ஷாங்க் கண்டறிந்தது 1800-இல்தான். கரியோ எண்ணெயோ கேஸோ, போதுமான ஆக்சிஜன் கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் இந்த வாயு உண்டாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. 1857-இல் பிரான்சின் கிளாட் பெர்னார்ட், இது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது என்று காட்டினார். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடி! 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஆய்வாளர் இந்த வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்து, அறிகுறிகளைக் குறித்துவைத்தார். (விஞ்ஞானிகளில் சிலர் இப்படியும் இருந்திருக்கிறார்கள்.) மனிதனுக்கு முன்பாகச் சின்னப் பிராணிகள் மயங்கும் என்று கண்டு, சுரங்கத்துக்குள் அவற்றை எடுத்துப்போகச் சொன்னதும் அவர்தான். பிரிட்டனில் 1986 வரை சுரங்கங்களில் கேனரி குருவிகள் வேலை பார்த்தன.

இதில் சுவாரசியம் என்னவென்றால், விஞ்ஞானம் எதுவும் சொல்லாமலேயே ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு வைத்திருந்தார்கள். பனிக்கட்டிகளை அடுக்கிக் கட்டும் இக்லூ வீட்டுக்குள் அவர்கள் ஏற்றுவது மாக்கல்லைக் குடைந்து செய்த ஒரு தட்டையான விளக்கு. பெயர் குல்லிக். சீல் என்ற கடல் பிராணியின் கொழுப்புதான் எண்ணெய். பாசியும் பஞ்சுப்புல்லும் திரி. அந்த விளக்குதான் வெளிச்சம், அடுப்பு, துணி காயவைக்கும் இடம், எல்லாம். இக்லூவின் கூரையில் அவர்கள் ஒரு ஓட்டை விடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'மூக்கு'. வீடு மூச்சுவிட மூக்கு வேண்டும்! அது உறைந்து அடைத்துக்கொண்டால் குத்தித் திறந்துவிடுவார்கள். பேரன்ட்ஸின் ஆட்கள் அடைத்தது தங்கள் வீட்டின் மூக்கைத்தான்.

அடுத்த திருப்பம் சுவீடனில். 1892-இல் லிண்ட்குவிஸ்ட் என்பவர் ஸ்டாக்ஹோமில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை உருவாக்கினார். திரி கிடையாது. பம்ப் அடித்தால் எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, புஸ்ஸென்ற சத்தத்தோடு நீலமாக எரியும். பெயர் பிரைமஸ். நம் வீடுகளில் பாட்டிமார் பின் குத்தி, பம்ப் அடித்துப் பற்றவைத்த அந்தப் பித்தளை 'பம்ப் ஸ்டவ்' இருக்கிறதே, அதன் மூதாதை இதுதான். துருவப் பயணிகளுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. நான்சென், அமுண்ட்சென் எல்லோரும் இதைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். விறகே இல்லாத இடத்தில், கையில் தூக்கிப்போகும் அளவில் ஒரு நெருப்பு! ஆனால் கையடக்க நெருப்பு வந்ததும் ஆபத்தும் கையடக்கமாகிவிட்டது. புகைபோக்கி இல்லாமலே கூடாரத்துக்குள் நெருப்பு வைக்க முடியும் என்ற நிலை அப்போதுதான் சகஜமானது.

அது எவ்வளவு பெரிய ஆளையும் சாய்க்கும் என்பதற்கு ரிச்சர்ட் பேர்ட் கதை போதும். தென் துருவத்துக்கு மேல் 1929-இல் விமானத்தில் பறந்துவந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி இவர். 1934-இல் அன்டார்க்டிகாவில் தன் முகாமிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, பனிக்குள் புதைத்து வைத்த ஒரு குடிலில் வானிலை குறிக்கத் தன்னந்தனியாகத் தங்கினார். மார்ச் கடைசியில் உள்ளே போனார். அங்கே அது குளிர்காலத்தின் தொடக்கம், மாதக்கணக்கில் இருட்டு.

குடிலில் இருந்த அடுப்பு, நிலக்கரி அடுப்பை எண்ணெய் அடுப்பாக மாற்றியது. புகைக்குழாயின் இணைப்புகள் சரியாகப் பொருந்தவில்லை, கசிந்தது. காற்றுக்குழாயில் அடிக்கடி பனி உறைந்து அடைத்தது. ரேடியோவுக்கு மின்சாரம் தர ஒரு பெட்ரோல் என்ஜின். அதைப் பனிக்குள் வெட்டிய சுரங்கப் பாதையில் வைத்திருந்தார். மே 31-ஆம் தேதி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது என்ஜின் சத்தம் சரியில்லை என்று பார்க்கப் போனவர், அந்தப் பாதையிலேயே மயங்கி விழுந்தார்.

பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்கள்தான் கொடுமை. அடுப்பை எரித்தால் விஷம். அணைத்தால் உறைந்து சாவு. வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. ஒரு நாளில் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு உறங்குபைக்குள் கிடந்தார். சுவரில் பனி படர்ந்து ஏறியது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் முகாமுக்கு உண்மையைச் சொல்லவில்லை! சொன்னால் அந்த இருட்டில் தன்னைத் தேடிக் கிளம்பி அவர்கள் சாவார்கள் என்று மறைத்தார். ஆனால் அவர் அனுப்பிய மோர்ஸ் செய்திகள் குழப்பமாகிக்கொண்டே போனதைக் கவனித்த முகாம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தது. தாமஸ் பௌல்ட்டரும் இன்னும் இருவரும் இரண்டு முறை கிளம்பித் திரும்பி, மூன்றாம் முறை ஆகஸ்ட் மாதத்தில் அவரை அடைந்தார்கள். அவரை உடனே நகர்த்தக்கூட முடியவில்லை. விமானத்தில் கூட்டிவர அக்டோபர் ஆனது.

பேர்ட் முட்டாள் அல்ல. கார்பன் மோனாக்சைடு பற்றி அவருக்குத் தெரியும். காற்றுக்குழாயைக் கவனிக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் இந்த வாயு முதலில் தொடுவது மூளையை. எதைச் சந்தேகப்பட வேண்டுமோ அந்தச் சந்தேகப்படும் சக்தியையே அது எடுத்துக்கொள்கிறது. தலைவலியைக் களைப்பு என்றும், குமட்டலைச் சாப்பாடு சேரவில்லை என்றும் மனிதன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான். எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று இந்த விஷயத்தில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி ஏரிக்குத் திரும்புவோம். வட அமெரிக்கப் பழங்குடியினர், உதாரணமாக ஒஜிப்வே மக்கள், ஐஸில் துளை போட்டு, மேலே போர்வையை மூடிக்கொண்டு, இருட்டில் தெளிவாகத் தெரியும் மீனை ஈட்டியால் குத்துவது வழக்கம். பிற்பாடு குடியேறியவர்கள் மரப்பலகைக் குடிசைகளைக் கட்டி ஐஸ் மேல் இழுத்துவந்தார்கள். உள்ளே ஒரு சின்ன விறகு அடுப்பு, தகரப் புகைபோக்கி. பலகை இடுக்குகளில் காற்று புகுந்து ஊளையிடும். வசதிக் குறைவுதான், ஆனால் புகைபோக்கி புகையை வெளியே இழுத்தது, இடுக்குகள் புதுக் காற்றை உள்ளே விட்டன.

1960-களில் கோல்மன் போன்ற நிறுவனங்களின் 'கேட்டலிடிக்' ஹீட்டர்கள் பரவின. சுரங்க விளக்கு கண்டுபிடித்த ஹம்ஃப்ரி டேவி, 1817-இல் பிளாட்டினக் கம்பி கேஸில் சுடர் இல்லாமலே கனன்று எரிவதைக் கண்டார். அதே தத்துவம்தான். சுடர் தெரியாததால் பலர் இது ஆபத்தே இல்லாதது என்று நம்பினார்கள். சுடர் இல்லாவிட்டாலும் ஆக்சிஜனை அது தின்னத்தான் செய்யும், ஆக்சிஜன் குறைந்தால் விஷவாயுவும் வரத்தான் செய்யும்.

1980-களில் கூடாரமே மாறியது. மினசோட்டாவின் டேவ் கென்ஸ் போன்றவர்கள், சறுக்குவண்டியில் மடித்து வைத்து நொடியில் கவிழ்த்துப் போடும் துணிக்கூடாரத்தைப் பிரபலமாக்கினார்கள். மீன் இல்லையா, மடி, அடுத்த துளைக்குப் போ! பிறகு அந்தத் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த வகைகள் வந்தன. கூடாரத்தின் அடியில் பாவாடை மாதிரி தொங்கும் துணியின் மேல் பனியை அள்ளிப்போட்டு மூடினால் ஒரு துளி காற்று நுழையாது. வசதி கூடிக்கொண்டே வந்தது. ஊளையிடும் இடுக்குகள் போயின. புகைபோக்கியும் போனது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மீட்டர் உள்ள கூடாரத்தில் 8 கன மீட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் சுமார் இரண்டேகால் கிலோ. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஹீட்டர்கள் மணிக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யு. வரை சூடு தருபவை. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு சுமார் 190 கிராம் புரோப்பேன் எரியும். ஒரு கிராம் புரோப்பேனுக்கு 3.6 கிராம் ஆக்சிஜன் தேவை. கூடாரம் முற்றிலும் காற்றுப்புகாதது என்று வைத்துக்கொண்டால், காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்க அரை மணி நேரம்கூட ஆகாது. உள்ளே இருக்கும் இரண்டு பேர் விடும் மூச்சை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதோடு ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். கூடாரச் சுவரில் வழிந்து உறைவது அதுதான். சுவர் நனைந்து கொட்டுகிறது என்றால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

அந்த 18 சதவீதத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1980-களில் இருந்து அமெரிக்காவில் புகைபோக்கி இல்லாத அறை ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைவை உணரும் ஒரு கருவி வைக்கப்பட்டது. வேலை செய்யும் விதம் எளிமையானது, அழகானது. ஒரு சின்ன வழிகாட்டிச் சுடர் எப்போதும் ஒரு உலோக முனையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சுடர் தள்ளாடி, முனையை விட்டு விலகிவிடும். முனை ஆறியதும் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். சுமார் 18 சதவீதத்தில் இது நடக்கும்படி அமைத்திருப்பார்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் கையடக்கக் கேம்ப் ஹீட்டர்களுக்கான தரவிதியும் கடுமையாக்கப்பட்டது.

ஆகவே ஐஸ் கூடாரத்துக்கு ஹீட்டர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கருவி இருக்கிறதா என்பதையும், கவிழ்ந்தால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்பதையும். சிலிண்டரின் தலையில் நேராகத் திருகும் வட்டத் தட்டு ஹீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். பழையவை இரண்டாம் கையில் இன்னும் மலிவு. அவை கட்டட வேலைக்கும் திறந்த வெளிக்கும் செய்யப்பட்டவை. கூடாரத்துக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஒரு அறைக்குள் மயங்கிக் கிடந்து உயிரிழந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். குளிருக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு உள்ளே எரியவிட்டது, வெளி முற்றத்தில் வைக்கும் கேஸ் ஹீட்டர்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவி அளப்பது ஆக்சிஜனைத்தான். கார்பன் மோனாக்சைடை அல்ல. பர்னரில் தூசியும் சிலந்தி வலையும் அடைத்திருந்தால், ஆக்சிஜன் சரியாக இருக்கும்போதே விஷவாயு வரலாம். அதனால் பேட்டரியில் ஓடும் தனி அலாரம் ஒன்று அவசியம். இந்த அலாரங்களுக்கான அமெரிக்கத் தரவிதி 1992-இல் வந்தது. காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அது கத்தியாக வேண்டும். 70 பங்கு என்றால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டுக்கென்று செய்த அலாரங்கள் பல, உறைநிலைக்குக் கீழே நம்பகமாக வேலை செய்யும் என்று உறுதி தரப்படாதவை. பயண வண்டிகளுக்கென்று குறிக்கப்பட்டவை கடுங்குளிருக்கும் சோதிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

எரிபொருளைப் பொறுத்தவரை ஐஸ் மேல் புரோப்பேன்தான் ராஜா. அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே திரவமாகப் படுத்துவிடும். (நம் சமையல் சிலிண்டரில் இருப்பது இரண்டின் கலவை, மில் லாக்ஸ் ஏரியில் அது திணறிப்போகும்.) புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, ஐஸ் தரையில் தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டரை மாற்றுவதாக இருந்தால் வெளியே எடுத்துப்போய், இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஹீட்டரை நேராக ஐஸில் வைத்தால் அடியில் உருகிச் சாய்ந்துவிடும். ஒரு பலகை போட்டு வைக்க வேண்டும். துணிச் சுவரிலிருந்தும், தொங்கும் ஜாக்கெட்டிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கூடாரத்தின் மேலே ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் கீழே ஒரு திறப்பு, இரண்டும் திறந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. சூடான காற்று மேலே வெளியேறினால்தான் புதுக் காற்று கீழே நுழையும். இதனால் சூடு வீணாகிறதே என்று யாருக்கும் தோன்றும். பேரன்ட்ஸின் ஆட்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. தூங்குவதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிட்டு நல்ல உறங்குபைக்குள் புகுந்துகொள்வதே முறை. எரியவிட்டுத் தூங்குவது, அலாரம் இருந்தாலும், வேண்டாத வேலை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கூடாரத்திலிருந்து தள்ளி, புகை உள்ளே வராத காற்றுத் திசையில் வைக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலுள்ள மலை ஏரிகளில் ஆக்சிஜன் கருவி காரணமில்லாமல் ஹீட்டரை அணைத்துக்கொண்டே இருக்கும். எரிச்சலில் அந்தக் கருவியைக் கழற்றிப்போடுகிறவர்களும் உண்டாம்!

இரவு முழுக்கத் தங்குபவர்களுக்குச் சிறந்தது, எரியும் அறையே தனியாக அடைக்கப்பட்ட ஹீட்டர். வெளியிலிருந்து காற்றை இழுத்து, வெளியிலேயே புகையைத் தள்ளும். கூடாரத்துக்குள் வருவது சூடு மட்டும். லாரி ஓட்டுநர்கள் உறங்கும்போது பயன்படுத்தும் டீசல் ஹீட்டர்கள் இந்த வகைதான். சமீப ஆண்டுகளில் அவை விலை இறங்கி ஏரிக்கும் வந்துவிட்டன. பேட்டரி சுமக்க வேண்டும், கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான் குறை.

எந்த ஹீட்டராக இருந்தாலும், உள்ளே ஒருவருக்குத் தலை வலித்தால், அல்லது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் குமட்டினால், யோசித்துக்கொண்டு உட்காரக்கூடாது. முதலில் வெளியே. கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே. ஹீட்டரை அணைப்பதெல்லாம் பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து. வெளிக்காற்றில் நின்றதும் சரியாகிவிட்டது போல இருக்கும். ஆனால் ரத்தத்தில் ஒட்டிய வாயுவில் பாதி குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்கும்.

மில் லாக்ஸில் இப்போது சக்கரம் வைத்த வீடுகளே ஏரிக்கு வருகின்றன. கட்டில், டிவி, சமையல் மேடை, சுவரில் பொருத்திய ஹீட்டர், வெளிச்சுவரில் அதன் புகைவாய். பனிப்புயல் அடித்தால் காற்று பனியை அந்தச் சுவரோரம் குவித்து, புகைவாயை மூடப் பார்க்கும். அப்படிப்பட்ட இரவில் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு வெளியே போய் அதைச் சுற்றிலும் தள்ளிவிட்டு வர வேண்டியிருக்கிறது. விடிவதற்குள் ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை.